காத்தாடி வருவதற்கு முன்னால் ஒரு ஸ்கேல் எடுங்கள்

வள்ளியூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கல்யாண ஆல்பம்தான் பிழைப்பு. வீடு ஊருக்குக் கிழக்கே, ராதாபுரம் பக்கம். எங்கள் பக்கம் காற்றாலையைக் காத்தாடி என்றுதான் சொல்வோம். அதன்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அவுட்டோர் எடுக்க வருகிற ஜோடிகளில் பாதிப் பேர் அதன் அடியில் நிற்கத்தான் ஆசைப்படுகிறார்கள். ஆனால் என் திண்ணைக்கு நேர் எதிரே ஒன்று வரப்போகிறது என்று கம்பெனிக்காரர் ஒரு படத்தை நீட்டினார். அதில் காத்தாடி தீக்குச்சி அளவுக்கு இருந்தது. அகல லென்ஸில் எடுத்த படம். செல்போனில் சும்மா எடுத்தாலும் இப்படித்தான், தூரத்தில் இருப்பது சுருங்கிப்போகும். கண்ணுக்குத் தெரிவது போல வேண்டுமென்றால் ஜூமை 2 எக்ஸ் வைத்து எடுக்க வேண்டும்.

படத்தை நம்பாமல் நீங்களே கணக்குப் போடலாம். ஒரு ஸ்கேலில் 60 செ.மீ. நூல் கட்டுங்கள். நூலின் மறுமுனையைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வைத்துக்கொண்டு, நூல் விறைப்பாகும்வரை கையை நீட்டி ஸ்கேலை நிமிர்த்திப் பிடியுங்கள். காத்தாடியின் உயரத்தைத் தூரத்தால் வகுத்து 60-ஆல் பெருக்கினால், ஸ்கேலில் அது எத்தனை சென்டிமீட்டர் நிற்கும் என்று வந்துவிடும்.

இப்போது நடுகிற பெரிய காத்தாடிகள் றெக்கை நுனிவரை 200 மீட்டர் அளவுக்குப் போகின்றன. எனக்கு வந்தது 2 கி.மீ. மேற்கே. 200-ஐ 2,000-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினேன்: 6 செ.மீ. சரி, 6 செ.மீ. என்றால் எவ்வளவு? அதே ஸ்கேலை மகேந்திரகிரிப் பக்கம் திருப்பினேன். 1,600 மீட்டருக்கு மேற்பட்ட மலை, என் திண்ணையிலிருந்து அதுவும் ஏறக்குறைய 6 செ.மீ.தான்! தாத்தா காலத்திலிருந்து எங்கள் மேற்குத் திசையில் அந்த மலையைவிடப் பெரிதாக எதுவும் நின்றதில்லை.

உயரத்தைக் கம்பெனியிடம் கேளுங்கள், றெக்கை நுனிவரை என்று அழுத்திக் கேளுங்கள். கோபுர உயரத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். சர்வே நம்பர் கிடைத்தால் தூரத்தைச் செல்போன் மேப்பிலேயே அளந்துவிடலாம்.

அடுத்து திசை. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், காத்தாடியும் மேற்கு பார்த்தே சுற்றும். கிழக்கிலோ மேற்கிலோ குடியிருப்பவருக்கு முழு வட்டமும் தெரியும். வடக்கிலும் தெற்கிலும் இருப்பவருக்குக் கத்தியை ஓரமாகப் பார்ப்பது போலத்தான். நிழலும் கிழக்கு மேற்காகத்தான் நீளும். பொழுது சாய்கிற நேரத்தில் 200 மீட்டர் காத்தாடியின் நிழல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அந்த வரிசையில் வீடு இருந்தால் றெக்கை சுற்றச் சுற்ற முன்னறையில் வெளிச்சம் வெட்டி வெட்டி வரும். இது ஒன்றுக்காகவே இடத்தைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிக் கேட்கலாம்.

தொழில் புத்தி, இதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரே நேரத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். என்னுடையது போல காத்தாடி மேற்கே இருந்தால், காலையில் கிழக்கு வெயில் அதன்மேல் விழுந்து, நீல மலைக்கு முன்னால் வெள்ளைக் கோபுரம் பளிச்சென்று நிற்கும். சாயங்காலம் அதே கோபுரம் மலையோடு கறுத்துக் கரைந்துவிடும். வானத்தை ஒட்டி நிற்பது மட்டும் அப்போதும் கறுப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும். இரவில் உச்சியில் சிவப்பு விளக்கு வேறு.

காத்தாடிக்குப் பதில் சோலார் பண்ணை வந்தால் இந்த ஸ்கேல் கணக்கு உதவாது. தகடு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். சமதரையில் ஓர் உயிர்வேலி போதும். மேட்டிலிருந்து பார்த்தால்தான் அதன் அளவு தெரியும். கமுதியில் 648 மெகாவாட்டுக்கு 2,500 ஏக்கர் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மலைக்கோயிலோ பாறையோ இருந்தால் ஏறிப் பாருங்கள். தகடுகள் தெற்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால் தெற்கே நின்று பார்க்கிறவருக்குக் கண்மாய் போல மினுங்கும், வடக்கே நிற்பவருக்குச் சட்டமும் முதுகும்.

காத்தாடிக்கோ சோலாருக்கோ மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை. ஆகவே உங்கள் வீட்டிலிருந்து அது எப்படித் தெரியும் என்று உங்களுக்காக வேறு யாரும் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள். அஸ்திவாரக் குழி தோண்டுவதற்கு முந்தைய கிராம சபையில், ஸ்கேல் கணக்கோடு போய்ப் பேசுங்கள். குழி தோண்டிய பிறகு பேசினால் வெறும் புலம்பல்தான். நான் அப்படித்தான் தாமதமாகப் போனேன்.

தாமதமானவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மரத்தைக் காத்தாடிப் பக்கம் நடாதீர்கள், உங்கள் பக்கம் நடுங்கள். மரம் திண்ணையிலிருந்து 60 மீட்டரில் நின்றால், கண் மட்டத்துக்கு மேல் அதன் ஒவ்வொரு மீட்டரும் ஸ்கேலில் ஒரு சென்டிமீட்டரை மறைக்கும். நான் ஒரு வேம்பு வைத்தேன். இப்போது 4 செ.மீ. மறைக்கிறது. மீதி இரண்டில் றெக்கை நுனி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.