கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி: வெளிநாட்டு ஆர்டருக்கு உற்பத்தித் திட்டம் போடுவது எப்படி?

திருப்பூரில் மெர்ச்சண்டைசிங், அதாவது ஆர்டரைத் தொடக்கத்திலிருந்து கப்பல் ஏறும் வரை கவனிக்கிற வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்று போடும் எக்செல் ஷீட்டைத்தான். டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்ஷன்) என்போம். "அண்ணா, உங்க டி அண்ட் ஏ ஷீட்டை அனுப்புங்க." அனுப்பலாம். ஆனால் முதல் ஆர்டரையாவது கையால் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் மனதில் நிற்கும். உதாரணத்துக்கு: ஜெர்மன் பையர் (வாங்குபவர்), 20,000 டி-ஷர்ட், 30ஸ் கோம்டு (சீவிச் சுத்தம் செய்த பருத்தி) நூல், சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட்டுக்கான வழக்கமான பின்னல் துணி), ஒரே கலர். தூத்துக்குடி எஃப்ஓபி (அங்கே கப்பலில் ஏற்றிக் கொடுப்பது வரை நம் பொறுப்பு), ஜூன் 30.

படி 1: யார் யார் கையில் போகிறது?

ஒரு தாளின் நடுவில் உங்கள் கம்பெனியை எழுதுங்கள். சுற்றிலும் நூல் மில், நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), டையிங் (சாயம்), காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்தித் தருவது), லேபிள், அட்டைப்பெட்டி, டெஸ்டிங் லேப், ஃபார்வர்டர் (சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்பவர்). ஒவ்வொருவர் பக்கத்திலும் மூன்று விஷயம்: எந்த ஊர், எத்தனை நாள் வேண்டும், அவரைத் தேர்ந்தெடுத்தது யார்.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். லேபிளை ஹாங்காங்கில் இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்று பையரே சொல்லியிருந்தால், அவர் தாமதித்தாலும் நீங்கள் ஆளை மாற்ற முடியாது. அந்தப் பெயரைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.

நான் வேலைக்கு வந்த புதிதில், குழந்தைகள் ஜாக்கெட் ஆர்டர் ஒன்று. துணி வந்துவிட்டது, ஜிப் வந்துவிட்டது. கழுத்து லேபிள் மட்டும் வரவில்லை. அதன் டிசைனுக்கு நான் ஒப்புதல் மெயில் போட 9 நாள் ஆக்கியிருந்தேன். சின்ன லேபிள்தானே என்ற நினைப்பு. கழுத்து தைக்காத ஜாக்கெட்டுகள் கட்டுக் கட்டாக லைனில் குவிந்தன. லேபிள் வந்த பிறகு தொடர்ந்து நான்கு இரவு தையல் ஓடியது. நாலாம் நாள் சாயங்காலம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இன்னிக்கும் நைட் இருக்குதுங்களா?" என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாமதம் எங்கே தொடங்கினாலும் கடைசியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்மேல்தான் வந்து விழுகிறது. திட்டம் போடும்போது அவரை நினைத்துக்கொண்டு போடுங்கள்.

படி 2: கிலோ கணக்கு

ஒரு பீஸுக்கு 200 கிராம் துணி என்று வைப்போம். 3% கூடுதலாக வெட்ட வேண்டும்: 20,600 பீஸ், 4,120 கிலோ. நிட்டிங்கிலும் சாயப்பட்டறையிலும் சேர்த்து 8% எடை போகும். இங்கேதான் புதியவர்கள் தவறுவார்கள். 4,120-ஐ 1.08-ஆல் பெருக்கி 4,450 கிலோ நூல் போதும் என்பார்கள். நஷ்டம் போவது நூலின் எடையில். அதனால் 0.92-ஆல் வகுக்க வேண்டும்: ஏறக்குறைய 4,480 கிலோ. வித்தியாசம் வெறும் 30 கிலோ போலத் தெரியும். ஆனால் 130 டி-ஷர்ட்டுக்கு மேல் துணி குறையும்.

படி 3: தேதியைப் பின்னாலிருந்து போடுங்கள்

ஜூன் 30 கப்பல் என்றால் 27-ஆம் தேதி லாரி கிளம்ப வேண்டும். பையரின் இன்ஸ்பெக்ஷன் 24. பேக்கிங் 22-க்குள், தையல் 20-க்குள் முடிய வேண்டும். இரண்டு தையல் லைனில் நாளுக்குத் தலா 800 பீஸ் ஓடினால் 13 வேலை நாள். ஞாயிறுகளையும் ஓரிரு நாள் இடைவெளியையும் சேர்த்தால் ஜூன் 4-இல் தையல் தொடங்க வேண்டும். கட்டிங் ஜூன் 1. துணி மே 28-இல் கையில் இருக்க வேண்டும். டையிங், காம்பேக்டிங்குக்கு 12 நாள்: மே 16. நிட்டிங் மே 9. நூல் மே 8.

கூடுதல் நாளை எல்லா இடத்திலும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள், இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும். கலர் ஒப்புதலுக்கும் டையிங்குக்கும் நடுவில் மொத்தமாக வைப்பதுதான் என் வழக்கம். ஷேடு சரியில்லாமல் துணி திரும்பப் போவதுதான் அடிக்கடி நடப்பது.

படி 4: இரண்டாவது ஆள்

கழிவுநீர் நொய்யல் ஆற்றில் கலந்ததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஏற்றுமதியாளர்கள் துணியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் பட்டறைகளைத் தேடினார்கள். அதனால் லேப் டிப்பை (சின்னத் துணித் துண்டில் சாயமிட்டுக் காட்டும் கலர் மாதிரி) முதலிலேயே இரண்டு பட்டறைகளில் போட்டு, இரண்டுக்கும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இரண்டாவது பட்டறை கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். விலை குறைவு என்பதற்காக இதில் கண்ணை மூடிக்கொள்வது ஆற்றுக்கும் துரோகம், ஆர்டருக்கும் ஆபத்து.

படி 5: கடலும் காகிதமும்

எஃப்ஓபி என்றால் சரக்கு கப்பலில் ஏறிய பிறகு பொறுப்பு பையருடையது. ஆனாலும் கடல் பயணம் நீண்டால் உங்கள் தேதிதான் முன்னுக்கு வரும், ஏனென்றால் கடைக்குச் சரக்கு போக வேண்டிய தேதி மாறாது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும், கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றின. ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் வரை கூடியது. தூத்துக்குடிச் சரக்கு கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறிப் போவதும் உண்டு. ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்பே ஃபார்வர்டரிடம் எந்த வழி, எங்கே மாறுகிறது என்று கேளுங்கள்.

பையர் அமெரிக்கர் என்றால் பஞ்சு எந்த நாட்டுடையது என்பதற்கான காகிதங்களும் வேண்டும். சீனாவின் சின்ஜியாங்கில் கட்டாய உழைப்பில் உருவான பொருட்களைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம், பருத்தியையும் சேர்த்து, 2022 ஜூன் 21 முதல் நடைமுறையில் உள்ளது. மில்லின் லாட் (நூல் தொகுதி) நம்பரை நூல் வந்த அன்றே எழுதி வையுங்கள்.

படி 6: தினமும் ஒரு எண்

நிட்டிங் பட்டறையில் "எப்படிப் போகுது?" என்று கேட்டால் "ஓடிட்டிருக்குதுங்க" என்றுதான் பதில் வரும். "நேத்து வரைக்கும் எத்தனை ரோல் இறங்குச்சு?" என்று கேளுங்கள். நான்கு மெஷின், ஒவ்வொன்றிலும் நாளுக்கு 200 கிலோ, 20 கிலோ துணி ரோல்: ஒரு நாளைக்கு 40 ரோல், மொத்தம் 224. மூன்றாம் நாள் முடிவில் 120 இருக்க வேண்டும். 80 என்று சொன்னால் ஒன்றிரண்டு மெஷின் நின்றிருக்கும், அல்லது வேறு கம்பெனி நூல் ஏறியிருக்கும். மீதி 144 ரோல், மூன்று நாள். நாளுக்கு 48 வேண்டும். அன்றைக்கே நேரில் போய் ஐந்தாவது மெஷினைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லையா? சாயப்பட்டறைக்கு அன்று மாலையே போன் போட்டு, உங்கள் துணி எந்தத் தேதிக்கு வரும் என்று சொல்லிவிடுங்கள்.