காப்பக முகவரியை இணையத்தில் போடாதீர்கள்: விலங்கு மீட்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்கு வெளியே புதிதாக நாய்க் காப்பகம் தொடங்கிய இரண்டு பிள்ளைகள் சென்ற வாரம் தங்கள் பேஸ்புக் பக்கத்தைக் காட்டினார்கள். உச்சியிலேயே கூகுள் மேப் இணைப்பு, அதன் கீழே "24 மணி நேரமும் வரலாம்" என்ற வரி. 12 ஆண்டுகளுக்கு முன் என் காப்பகப் பக்கத்தில் நான் எழுதிய அதே வரி! படம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் செய்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

முகவரியை ஊரறியப் போடுவது

நான் முகவரி போட்ட மூன்றாம் வாரம், விடியற்காலையில் கேட்டைத் திறந்தால் சணல் கயிறு கட்டிய ஆப்பிள் பெட்டி. உள்ளே நான்கு குட்டிகள். அடியில் விரித்திருந்த பழைய நைட்டி முழுவதும் ரத்தக் கழிச்சல். மனம் கேட்காமல் தூக்கிப்போய் எங்கள் குட்டிகளுக்குப் பக்கத்துக் கூண்டில் விட்டேன். பார்வோ என்னும் வைரஸ் நோய். பத்தே நாளில் 11 குட்டிகளைப் புதைத்தோம். அவற்றில் ஏழு, நாங்கள் பால் புகட்டி வளர்த்தவை. முதல் தடுப்பூசி போட்டிருந்தோம். ஆனால் 6-8 வார வயதில் தொடங்கி 16 வாரம் வரை தவணை தவறாமல் போட்டால்தான் பாதுகாப்பு. பினாயில் ஊற்றி ஊற்றிக் கழுவினோம். அந்த வைரஸ் அதற்கு அடங்காது, பிளீச் கரைசல்தான் வேண்டும். மண்ணிலோ மாதக்கணக்கில் கிடக்கும். அந்தப் பக்கம் ஓராண்டு குட்டிகளையே விடவில்லை.

இன்றும் யாராவது மேப் இணைப்பைப் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஊர்ப் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் போதும். பேசி, விவரம் கேட்டு, இடம் இருந்தால் மட்டும் வழி சொல்லுங்கள். வரும் குட்டியை 14 நாள் தனியறையில் வையுங்கள்.

முகவரி இல்லாவிட்டால் நம்புவார்களா என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். மருந்துக்கடை ரசீதையும் மாதக் கணக்கையும் போடுங்கள், நம்புவார்கள். தெருநாயைக் கருத்தடை செய்தபின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்வதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். "எங்கள் தெரு நாயைக் கொண்டுபோய்விடுங்கள்" என்னும் அழைப்புகள் குறையும்.

சொந்த யுபிஐ எண்ணில் நன்கொடை

அறக்கட்டளைப் பெயரில் கணக்கு தொடங்கும்வரை கேட்காதீர்கள். நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு வராமல், அந்தச் சலுகை உண்டு என்று எழுதாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைக்கு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நம்மூர்க்காரர் அனுப்பினால், அந்த அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது.

புண் படம்

முதல் படமாக வேண்டாம்.

தேதி இல்லாத பதிவு

மூன்று ஆண்டுக்கு முன்பே புது வீடு கிடைத்துவிட்ட நாயைக் கேட்டு இன்றும் எனக்கு அழைப்பு வருகிறது.

முதலில் கேட்டவருக்கே குட்டி

கொடுக்காதீர்கள். வீட்டைப் போய்ப் பாருங்கள்.