வவுனிக்குளத்தில் கழன்றுகொண்டே இருந்த தூண்டில் முள்

மாரி மழை ஓய்ந்து தண்ணீர் தெளியும் பங்குனியில்தான் வவுனிக்குளத்து அலைகரையில் நான் விராலுக்குத் தூண்டில் போடுவேன். இந்த முறை நான்கு நாள் வீணாயிற்று. மீன் கடிக்கும், தடி வளையும், அப்புறம் சட்டென்று இழுவை நின்றுவிடும். முள்ளையும் காணோம்.

விராலின் பல் அறுக்கிறது என்று நினைத்து 0.35 மில்லிமீற்றர் தங்கூசியை, அதாவது நைலோன் தூண்டில் நூலை, 0.50க்கு மாற்றினேன். இன்னும் மோசம். புது முள் வாங்கினேன், அதுவும் போயிற்று. பட்டமரக் கட்டைகளில் உரசுகிறதோ என்று இடத்தையும் மாற்றினேன். அதே கதை.

பக்கத்தில் திலாப்பியாவுக்கு இருந்த அண்ணை ஒருவர் நூல் நுனியைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது அறுந்ததில்லை, கழன்றது” என்றார். பல்லில் அறுந்தால் நுனி சொரசொரப்பாக இருக்கும். இதுவோ பாகற்கொடியின் பற்றுக்கம்பிபோலச் சுருண்டிருந்தது. முடிச்சு வழுக்கினால்தான் அப்படிச் சுருளும். தடித்த நூலில் முடிச்சு இறுகுவது இன்னும் கடினம், 0.50 ஏன் சரிவரவில்லை என்பதும் விளங்கியது.

சரி, முடிச்சை மாற்றினேன். முள்ளின் காதுக்குள் நூலை விட்டு, நுனியை அதே நூலின்மேல் ஐந்து சுற்று முறுக்கி, காதோரத்து வளையத்துக்குள் கோத்தேன். அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் அதைத் திருப்பி விட்டேன். நான் இதுவரை விட்டுவந்தது இந்தக் கடைசிக் கோப்பைத்தான். இறுக்குமுன் எச்சிலால் நனைக்க வேண்டும். காய்ந்த நைலோன் உரசிச் சூடாகி வலுவிழக்கும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் மெதுவாக இழுத்தேன்.

அன்று பின்னேரம் பழைய 0.35 நூலிலேயே இரண்டு விரால். பெரிய நிம்மதி.