பிர்ச்கோவைப் பற்றித் தமிழில் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் மூன்று இளம் மொழிபெயர்ப்பாளர்களின் வரைவுகளைத் திருத்தினேன். மூன்றும் பொஸ்னியாவின் பிர்ச்கோ நகரைப் பற்றியவை. 1992 முதல் 1995 வரை நடந்த பொஸ்னியப் போர் முடிந்து சமாதான உடன்படிக்கை கைச்சாத்தான பிறகும் அந்த இடம் யாருக்கு உரியது என்ற கேள்வி தீரவில்லை. பதினைந்து ஆண்டுகள் பன்னாட்டு அதிகாரி ஒருவரின் பொறுப்பில் இருந்தது. மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் விட்ட தவறுகளையே மூவரும் விட்டிருந்தார்கள், கிட்டத்தட்ட அதே வரிசையில்.

ஊர்ப்பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றி எழுதுவது, சமாதானப் பேச்சு நடந்த டேட்டன் நகரம் ஐரோப்பாவில் இருப்பதாக நினைப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாமல் அச்சேறிவிடுபவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

நகரத்தின் அளவைப் பார்த்து ஏமாறுவது

பிர்ச்கோ சாவா ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. எதிர்க்கரை குரோசியா. 1991 கணக்கெடுப்பின்படி நகரமும் சுற்றுக் கிராமங்களும் சேர்ந்து ஏறத்தாழ 87,000 பேர். நூற்றுக்கு 44 பேர் பொஸ்னிய முஸ்லிம்கள், 25 பேர் குரோசியர், 21 பேர் செர்பியர். "இவ்வளவு சிறிய ஊருக்கா இத்தனை சண்டை?" என்று ஒரு வரைவில் கேள்வி இருந்தது.

நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். செர்பியர் கையிலிருந்த பகுதியின் கிழக்குப் பாதியையும் மேற்குப் பாதியையும் இணைத்தது பிர்ச்கோவை ஒட்டிய ஓர் இடைவழி மட்டுமே. மிக ஒடுங்கிய இடத்தில் அதன் அகலம் சில கிலோமீற்றர்தான். அதை இழந்தால் அவர்களுடைய நிலம் இரண்டு துண்டாகிவிடும். மற்றவர்களுக்கோ அது துரத்தப்பட்ட சொந்த ஊர், ஆற்றுத் துறைமுகம், ஐரோப்பாவுக்குப் போகும் வழி. 1992 ஏப்ரல் 30 அன்று பாலங்கள் தகர்க்கப்பட்டன. துறைமுகப் பகுதியான லூக்காவில் தடுப்பு முகாம் அமைந்தது. அங்கே நடந்த கொலைகளுக்காக ஹேக் நகரிலிருந்த பன்னாட்டுப் போர்க்குற்ற நீதிமன்றத்தில் தண்டனையும் வழங்கப்பட்டது. பேச்சுவார்த்தை மேசையில் எந்தத் தரப்பும் இந்த ஊரை விட்டுக்கொடுக்கத் துணியாததற்குக் காரணம் இவ்வளவும்தான்.

டேட்டன் தீர்த்துவைத்தது என்று எழுதுவது

1995 நவம்பரில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள விமானப்படைத் தளத்தில் நடந்த பேச்சு, நாட்டை 51க்கு 49 என்ற விகிதத்தில் இரண்டு அலகுகளாக வகுத்தது: பொஸ்னியாக் (பொஸ்னிய முஸ்லிம்)-குரோசியக் கூட்டமைப்பு ஒன்று, செர்ப்ஸ்கா குடியரசு மற்றொன்று. பிர்ச்கோவுக்கு மட்டும் விடை வரவில்லை. எல்லாமே முறிந்துபோகும் என்றிருந்த கடைசி நேரத்தில், அதை நடுவர் தீர்ப்புக்கு விட செர்பிய அதிபர் மிலோசெவிச் இணங்கினார். உடன்படிக்கையின் இரண்டாவது இணைப்பு இதற்கு ஓர் ஆண்டுத் தவணை கொடுத்தது. ஒவ்வோர் அலகும் ஒரு நடுவரை நியமித்தது. தலைமை நடுவராக ராபர்ட்ஸ் ஓவன் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் அமர்ந்தார்.

ஓராண்டில் முடியவில்லை. 1997 பெப்ரவரி 14 அன்று வந்த தீர்ப்பில் உள்ளூர் நடுவர்கள் இருவருமே கையெழுத்திடவில்லை. பெரும்பான்மை அமையாவிட்டால் தலைவரின் முடிவே முடிவு என்று முன்கூட்டியே விதி இருந்ததால் அது செல்லுபடியாயிற்று. அந்தத் தீர்ப்பும் நிலத்தை எவருக்கும் கொடுக்கவில்லை. பன்னாட்டு மேற்பார்வையை ஏற்படுத்தியது. 1998 மார்ச்சில் மறுபடியும் ஒத்திவைப்பு. பிர்ச்கோ தனி மாவட்டமாக வேண்டும் என்ற இறுதித் தீர்ப்பு வந்தது 1999 மார்ச் 5 அன்றுதான். ஒத்திவைத்த அந்த இரண்டு ஆண்டுகளில் துரத்தப்பட்ட குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஊர் திரும்பத் தொடங்கியிருந்தன. உங்கள் கட்டுரை 1995இலிருந்து 1999க்குத் தாவினால் இந்தக் குடும்பங்கள் காணாமல் போய்விடும்.

'கண்காணிப்பு' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. மூன்று வரைவுகளிலும் இந்தத் தவறு இருந்தது. ஒன்றில் "கண்காணிப்பாளர் பரிந்துரைத்தார்" என்றே எழுதப்பட்டிருந்தது. அவர் பரிந்துரைக்கவில்லை, கட்டளையிட்டார்.

2004இல் ஒரு நிறுவனத்துக்காகப் பயிற்சிக் கைநூல் ஒன்றைத் தமிழாக்கினேன். பிர்ச்கோ அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் வந்தது: அந்த அதிகாரி பிறப்பிக்கும் விதிகளும் கட்டளைகளும் எல்லோரையும் கட்டுப்படுத்தும், எந்தச் சட்டமாவது அவற்றோடு முரண்பட்டால் அவையே மேலோங்கும். 'சுப்பர்வைசர்' என்ற பதவிப்பெயருக்குக் 'கண்காணிப்பாளர்' என்று போட்டேன். போட்டவுடன் மிச்ச வாக்கியம் இடறியது. கண்காணிப்பவர் எப்படிக் கட்டளையிடுவார்? என் சொல்லைச் சந்தேகிக்காமல் மூலத்தைச் சந்தேகித்தேன். 'கட்டளை' என்பதை 'ஆலோசனை' என்று இளக்கினேன். 'மேலோங்கும்' என்பது 'கருத்தில் கொள்ளப்படும்' ஆயிற்று. ஒரு சொல் பிழைத்ததும் அக்கம்பக்கத்துச் சொற்களையும் தன் வழிக்கு இழுத்துக்கொண்டது.

அப்போது அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரு முகம் இருந்தது. 2002 பெப்ரவரி 22 அன்று கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் கீழ், நோர்வேயின் தலைமையில் ஐந்து நோர்டிக் நாடுகளிலிருந்து இலங்கைப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு வந்திருந்தது. முறைப்பாட்டை வாங்குவார்கள், விசாரிப்பார்கள், மீறல் நடந்ததா இல்லையா என்று சொல்வார்கள். எவரையும் தடுக்கவோ பதவி நீக்கவோ அவர்களால் முடியாது. உடன்படிக்கை அவர்களுக்குக் கொடுத்த அதிகாரம் அவ்வளவுதான். ஆகவே 'கண்காணிப்பாளர்' என்றதும் வடக்கு கிழக்கு வாசகர் மனத்தில் வந்து நின்றவர் குறிப்பெடுத்துக்கொண்டு போகும் ஒருவர்.

கைநூல் அச்சாகி, வவுனியாவில் ஒரு மண்டபத்தில் அதை வைத்துப் பயிற்சி நடந்தது. பிர்ச்கோ அத்தியாயத்தை நானே வாசித்தேன். முன்வரிசையில் ஒரு முதியவர். மடியில் பொலித்தீன் பை. அதற்குள் மகனைப் பற்றிக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், மடிப்பில் கிழிந்து, பசைநாடா ஒட்டியவை. நான் வாசித்து முடித்ததும் அவர் கேட்டார்: "பிள்ளை, அங்கேயும் எழுதிக்கொண்டுதான் போனார்களா?"

"ஓம் ஐயா" என்றேன்.

அதன் பிறகு பிர்ச்கோவைப் பற்றி எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருந்தது? உலகத்தில் எங்கு போனாலும் இவ்வளவுதான் என்று அந்த மண்டபம் முடிவு செய்துகொண்டது. அந்த முடிவுக்கு அவர்களைக் கொண்டுபோய் விட்டது என் சொல். மூலநூலை மறுபடி எடுத்துப் படித்தது பல மாதங்களுக்குப் பிறகு. அதற்குள் பிரதிகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன.

உண்மையில் நடந்தது இது. 1997 ஏப்ரலில் முதல் அதிகாரியாக ராபர்ட் ஃபரண்ட் பொறுப்பேற்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் நகர நிர்வாகத்திலும் நீதிமன்றத்திலும் பொலிஸிலும் மூன்று இனத்தவரும் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். 2000இல் மாவட்டத்தின் இடைக்காலச் சபைக்கு உறுப்பினர்களை நியமித்தவரும் மேற்பார்வை அதிகாரிதான், தேர்தல் நடக்கவில்லை. 2000 ஒக்டோபரில் ஒரே பள்ளிக்கட்டடத்தைப் பகிர்வது தொடர்பாக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு புதிய கல்விச் சட்டம் வந்தது. ஒரே வகுப்பில் மூன்று சமூகப் பிள்ளைகளும் அமர்ந்தார்கள். ஒரு பிள்ளை லத்தீன் எழுத்தில் எழுதலாம், பக்கத்துப் பிள்ளை சிரிலிக்கில் எழுதலாம். நாட்டின் வேறு சில நகரங்களில் இன்றும் ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு பள்ளிகள், தனித்தனி வாசல்களோடு இயங்குகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2006 ஓகஸ்ட் 4 அன்று வந்த இன்னொரு கட்டளை, மாவட்டத்துக்குள் இரு அலகுகளின் சட்டங்களும் இனிச் செல்லாது, அலகுகளுக்கு இடையிலான எல்லைக்கோட்டுக்கும் அங்கே சட்டப் பெறுமதி இல்லை என்று அறிவித்தது. போரில் எத்தனையோ பேர் செத்து வரைந்த கோடு, ஒரு கையெழுத்தில் அந்த மாவட்டத்துக்குள் இல்லாமல் போயிற்று.

இந்தச் சொல் ஊருக்கு ஊர் பொருள் மாறுவது இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டு வாசகருக்குக் கண்காணிப்பாளர் என்றால் காவல்துறை மாவட்ட அதிகாரி, அவர் ஆணையிடுவார். இலங்கையில் அதே பதவி பொலிஸ் அத்தியட்சகர். மலையகத்துக்குப் போனால் அதே வேரிலிருந்து வந்த கங்காணி நிற்கிறார், தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியவர். ஒரு வேர்ச்சொல்லை மூன்று வாசகர்கள் மூன்று அளவு அதிகாரத்தோடு வாசிக்கிறார்கள்.

நான் இப்போது 'மேற்பார்வை ஆணையர்' என்று எழுதுகிறேன். ஆணையர் என்பதற்குள் ஆணை இருக்கிறது. பார்த்து அறிக்கை தருபவருக்கு மட்டும் 'கண்காணிப்பாளர்'. இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பதவிப்பெயரைத் தொடுவதற்கு முன் அந்த மனிதர் என்னென்ன செய்யலாம் என்று வினைச்சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். நியமிப்பார், நீக்குவார், பிறப்பிப்பார், இரத்துச் செய்வார் என்று வந்தால் அவர் கண்காணிப்பாளர் அல்லர்.

ஐ.நா. என்று எழுதுவது

பிர்ச்கோவை மேற்பார்த்தது ஐ.நா. இல்லை. மேற்பார்வை ஆணையர், சமாதான உடன்படிக்கை நடைமுறையாவதைக் கவனிக்கும் உயர் பிரதிநிதி அலுவலகத்தைச் சேர்ந்தவர். படைகள் நேட்டோ தலைமையிலானவை. ஐ.நா.விடம் இருந்தது பொலிஸ் பணி.

"ஊரை இரண்டாகப் பிரித்தார்கள்"

பிரிக்கவில்லை. காணி உறுதிகளில் 'பிரிபடாத பங்கு' என்று எழுதுவோமே, அதற்கு நெருங்கியது. முழு மாவட்டமும் ஒரே நேரத்தில் இரு அலகுகளுக்கும் உரியது. ஆனால் பங்காளிகள் இருவருக்குமே அங்கே ஆட்சி கிடையாது; ஆளும் அதிகாரம் மாவட்டத்திடம் இருக்கிறது.

'இறுதி' என்றதும் முடிந்துவிட்டது என்று நினைப்பது

1999 தீர்ப்புக்கு இறுதித் தீர்ப்பு என்று பெயர். ஆனால் அந்த நடுவர் மன்றம் கலையவில்லை. ஓர் அலகு தீர்ப்பைப் பாரதூரமாக மீறினால், மாவட்டத்தை மற்ற அலகிடம் முழுமையாக ஒப்படைக்கும் அளவுக்குத் தீர்ப்பைத் திருத்தும் அதிகாரத்தை மன்றம் தன்னிடமே வைத்துக்கொண்டது. என் கணிப்பில், அந்த ஊரில் சத்தமில்லாமல் அதிக வேலை செய்தது இந்தப் பிரிவுதான். குழப்பினால் இருப்பதும் போகும் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

அதேபோல் 2012. அந்த ஆண்டு ஓகஸ்ட் 31 அன்று ஆணையரின் அலுவலகம் மூடப்பட்டது. அவரது பணிகள் இடைநிறுத்தப்பட்டன. 'இடைநிறுத்தம்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்துத்தான் போட்டிருக்கிறார்கள். பதவியும் நடுவர் மன்றமும் ஒழிக்கப்படவில்லை. "2012இல் மேற்பார்வை முடிவுக்கு வந்தது" என்ற வரி இரண்டு வரைவுகளில் இருந்தது. இரண்டிலும் சிவப்புக் கோடு போட்டேன்.

வெற்றிக் கதையாக மட்டும் எழுதுவது

அரிசோனா சந்தை எல்லோருக்கும் பிடித்த கதை. அமெரிக்கப் படையினர் நெடுஞ்சாலைக்கு வைத்த பெயர் அது. அவர்களின் சோதனைச் சாவடிக்கு அருகே மூன்று இனத்தவரும் வந்து வாங்கவும் விற்கவும் தொடங்கினார்கள். நேற்றுவரை சுட்டுக்கொண்டவர்கள் விலை பேசினார்கள். இதில் பொய் இல்லை. ஆனால் அதே சந்தை வரி கட்டாத கடத்தல் பொருள்களுக்கும், விற்கப்பட்ட பெண்களுக்கும் பேர்போனது என்ற வரி இல்லாமல் அந்தக் கதையை எழுதக் கூடாது. கடைகளைப் போலவே அந்தப் பெண்களும் அங்கே இருந்தார்கள்.

மாவட்டம் உருவான பிறகு முதல் தேர்தல் 2004 ஒக்டோபரில்தான் நடந்தது. அதுவரை நியமனச் சபை. நல்ல பள்ளிச் சட்டம் வந்ததையும், அதை வாக்காளரிடம் கேட்காமல் கொண்டுவந்ததையும் பக்கத்துப் பக்கத்து வாக்கியங்களில் வையுங்கள். எனக்கு அந்தச் சட்டம் சரி என்று படுகிறது. வந்த வழி இன்றும் உறுத்துகிறது. இரண்டையும் எழுதினால்தான் வாசகர் தாமே எடைபோட முடியும்.

பிர்ச்கோவை எல்லா இடத்திலும் ஒட்டுவது

சூடானும் தென்சூடானும் உரிமை கோரும் அபியெய் பகுதிக்கும் ஹேக்கில் நடுவர் தீர்ப்பு வந்தது, 2009இல். அது எல்லையை வரைந்தது. யாருக்குச் சொந்தம் என்று கேட்க 2011 ஜனவரியில் நடக்கவிருந்த வாக்கெடுப்பு நடக்கவில்லை. அந்த ஆண்டின் நடுவில் எத்தியோப்பியப் படையினரை ஐ.நா. அனுப்பியது. கட்டளை பிறப்பிக்கும் ஆணையர் எவரும் அங்கே இல்லை. தீர்ப்பு இருந்தது என்பதற்காக மட்டும் இரண்டையும் ஒரே பத்தியில் போடாதீர்கள்.

ஆண்டைக் குழப்புவது

மாவட்டம் அமைய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது 1999 மார்ச் 5. மாவட்டம் அமைந்தது 2000 மார்ச் 8.