மீட்டரில் 41,000, பெல்ட்டுக்கு வயது 12

என் சான்ட்ரோ ஜிங் காரை 2021-ல் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரிடம் வாங்கினேன். 2009 மாடல், மீட்டரில் 41,000 கிலோமீட்டர்தான். காலையில் பாளையங்கோட்டை மார்க்கெட், வெள்ளிக்கிழமை கோயில், சாரல் சீசனில் ஒரு தடவை குற்றாலம், அவ்வளவுதான் ஓட்டம். பின்சீட்டு பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. "டைமிங் பெல்ட் மாத்தியாச்சா சார்?" என்று கேட்டேன். இன்ஜினில் பிஸ்டனையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை அது. "அதுக்கு இன்னும் கிலோமீட்டர் வரலையே தம்பி" என்றார். நானும் தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

மறுவாரம் ஆயில் மாற்றப் போனபோது மெக்கானிக் அண்ணன் தானாகவே பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து பெல்ட்டின் மேல் கவரைக் கழற்றினார். பார்த்தவுடன் எனக்கு எதுவும் தெரியவில்லை. கறுப்பாக, பல்லெல்லாம் முழுசாக, நன்றாகத்தான் இருந்தது. அவர் டார்ச்சை அடித்து, பெல்ட்டை இரண்டு விரலால் லேசாகத் திருப்பிக் காட்டினார். முதுகுப் பக்கம் முழுக்க மயிரிழை மயிரிழையாக வெடிப்பு, பங்குனியில் வற்றிய குளத்து மண் மாதிரி. கேம் தண்டின் ஆயிலை அடைத்து வைக்கும் சீலில் இருந்து கசிந்த ஆயில் வேறு ஓரத்தில் பளபளத்தது. "வண்டி ஓடலைன்னா ரப்பருக்கு வயசாவாதா?" என்றார்.

இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விதான். எல்லாரும் கிலோமீட்டரை எண்ணுகிறார்கள், வருஷத்தை எண்ணுவதில்லை. வண்டியோடு வரும் கையேட்டில் இரண்டு எண்களும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். இன்ஜினுக்கு இன்ஜின் கணக்கு மாறும். 60,000-லும் இருக்கிறது, ஒன்றரை லட்சத்திலும் இருக்கிறது. வருஷம் என்றால் ஐந்திலிருந்து பத்து. கையேடு கிடைக்கவில்லை, பழைய வண்டி என்றால் நான் சொல்வது 60,000 அல்லது ஐந்து வருஷம். கொஞ்சம் அதிக ஜாக்கிரதைதான், இருக்கட்டும். சித்திரை வெயிலில் பானட்டுக்குள் ரப்பர் படும் பாடு நமக்குத் தெரியும். சிக்னலிலும் ரயில்வே கேட்டிலும் நிற்கும்போது மீட்டர் ஓடாது, பெல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மீட்டரைத் திருப்பி விற்கும் ஆட்களும் ஊரில் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வருஷத்தை அவ்வளவு சுலபமாகத் திருப்ப முடியாது.

அதற்கு முன்னால், உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா, அதே வேலையைச் செய்யும் இரும்புச் செயினா என்று பாருங்கள். வண்டிப் பேரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஐ10-ல் 1.1 இன்ஜினுக்கு பெல்ட், 1.2 கப்பா இன்ஜினுக்குச் செயின். போலோ டீசலுக்கு பெல்ட், 1.2 எம்.பி.ஐ. பெட்ரோலுக்குச் செயின். டஸ்டர் 1.5 டீசல் பெல்ட். ஸ்விஃப்ட்டின் 1.3 டீசல் செயின். பழைய இன்னோவா 2.5 டீசலில் மாற்றும் நேரம் வந்தால் டேஷ்போர்டில் டி-பெல்ட் என்று விளக்கே எரியும், கிரிஸ்டா 2.4-ல் செயின் வந்துவிட்டது. செயின் என்றால் ஆயிலை ஒழுங்காக மாற்றிக்கொண்டு இருங்கள், மீதியைப் படிக்க வேண்டியதில்லை.

பெல்ட்டுக்காரர்களுக்கு ஒரு விஷயம். அறுவதற்கு முன்னால் சத்தம் வரும் என்று காத்திருக்காதீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துவது பெரும்பாலும் ஃபேன் பெல்ட். டைமிங் பெல்ட் சொல்லாமல் கொள்ளாமல் போகும். வெடிப்பே தெரியாமல் பல் மட்டும் பிய்ந்துபோவதும் உண்டு. பிஸ்டன்களோடு சேர்ந்த தண்டு கிராங்க், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு கேம். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று, அந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பது இந்த பெல்ட்தான். அது அறுந்தால் கேம் நின்றுவிடும், சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும், பிஸ்டன் மேலே வந்து இடிக்கும். இடிக்காத இன்ஜினும் இருக்கிறது. உங்களுடையது அந்த ரகம் என்று நம்பி ஓட்ட வேண்டாம்.

என் மச்சானின் டீசல் வண்டி நாங்குநேரி தாண்டி, வள்ளியூர் போகும் வழியில் இப்படித்தான் நின்றது. 80-ல் போனவருக்கு இன்ஜின் சட்டென்று செத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, கிர்ர் என்று சும்மா சுற்றுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் சாவியை எடுத்துவிட வேண்டும். இவரோ நாலைந்து தடவை அடித்துப் பார்த்தார். அப்புறம் டீக்கடையில் நின்ற நாலு பேர், நல்ல மனசோடு, செகண்ட் கியர் போடச் சொல்லித் தள்ளினார்கள். கேம் நின்றிருக்கும்போது கிராங்கைச் சுற்றவைத்தால் தப்பித்த வால்வும் வளையும். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கிப் பார்த்தால் எட்டு வால்வும் போயிருந்தது. பில் 42,000. இன்ஜின் நின்றவுடனே கியரை நியூட்ரலில் வைத்துக் கட்டி இழுத்திருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

எனக்கு ஆனது 4,300 ரூபாய், கூலியோடு. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஆயில் சீல். பெல்ட் மட்டும் போதும் என்று சொல்கிறவரிடம் விடாதீர்கள். டென்ஷனர் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். பல இன்ஜின்களில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றும். அப்படியானால் பம்பையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது ஒழுகும்போது இதே கூலியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். கேம் சீல் கசிவை விட்டுவைத்தால் புது ரப்பரையும் ஆயில் ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

சாமான் வாங்கப் போனது நான்தான். கடைப் பையன் பெல்ட்டை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, கேரி பேக்கில் திணித்துக் கொடுத்தான். ஷெட்டில் அண்ணன் அதைத் தொடவே இல்லை. உள்ளே கண்ணாடி இழை ஓடுகிறது, மடித்தால் முறியும், வெளியே தெரியாது என்று திருப்பி அனுப்பினார். இரண்டாவது பெல்ட் பெட்டியோடு வந்தது.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கிராங்க், கேம் சக்கரங்களில் இருக்கும் மார்க்குகளைச் சேர்த்து மாட்டிய பிறகு உடனே சாவி போடக் கூடாது. கிராங்கை ஸ்பேனரால் கையிலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மார்க் மறுபடி அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் ஒரு பல் தள்ளியிருந்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் டென்ஷனரைத் தளர்த்தி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே அவரிடம் இன்னும் போகிறேன்.

கவர் மேல் வெள்ளை பெயின்ட் பேனாவில் எழுதி வைத்திருக்கிறோம்: 2021, 41,200. கீழே அண்ணனின் கையெழுத்தில், 2026. இப்போது மீட்டர் 58,000-கூட ஆகவில்லை.