74 சென்ட் என்றால் 74 சதவீத ஓட்டு அல்ல

தேர்தல் வரும் நவம்பர் நெருங்கினால் போதும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தொகுதிகளுக்கான பந்தய விலை ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸ்அப் வரை வந்துவிடுகிறது. "இந்தத் தொகுதியில் டெமாக்ரட் 74" என்று ஒருவர் அனுப்புவார் (டெமாக்ரட், ரிபப்ளிகன் இரண்டும்தான் அங்கே பெரிய கட்சிகள்). "அடேங்கப்பா, எதிராளிக்கு டெபாசிட்டே போச்சே" என்று இன்னொருவர் பதில் போடுவார். அங்கே டெபாசிட் இழப்பது என்கிற சமாச்சாரமே கிடையாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த 74 ஓட்டுக் கணக்கே அல்ல.

பாலிமார்க்கெட், கால்ஷி போன்ற, முடிவுகளின் மேல் பணம் கட்டும் இணையக் கணிப்புச் சந்தைகளில் விற்பது ஒரு சீட்டு மாதிரி. சொன்ன கட்சி ஜெயித்தால் சீட்டுக்கு 1 டாலர் கிடைக்கும், தோற்றால் ஒன்றுமில்லை. அதை 74 சென்ட் கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், ஜெயிக்க ஏறக்குறைய 74 சதவீத வாய்ப்பு இருப்பதாகப் பணம் போட்டவர்கள் நினைக்கிறார்கள். ஓட்டு 51-49 என்றுகூட முடியலாம். இப்படி 74-இல் நிற்கும் நூறு தொகுதிகளை எடுத்துக்கொண்டால் இருபத்தாறில் எதிர்க்கட்சி ஜெயிப்பதுதான் முறை. ஒரு தொகுதி கவிழ்ந்ததும் "சந்தை ஏமாத்திடுச்சு" என்று கிளம்புவதில் அர்த்தமில்லை.

அந்த 74 எங்கிருந்து வந்தது என்பது அடுத்த சிக்கல். அதிபர் தேர்தல் சந்தையில் பணம் ஆறாக ஓடும். ஒரு தனித் தொகுதியில் அது வாய்க்கால் அளவுக்குக்கூட இருக்காது. ஒரு உதாரணம்: வாங்க நிற்பவர் தரத் தயாராக இருப்பது 61 சென்ட், விற்பவர் கேட்பது 75. நேற்றிரவு யாரோ அவசரத்தில் 74-க்குப் பத்துச் சீட்டு வாங்கிப் போயிருக்கிறார். திரையில் பெரிதாகத் தெரிவது அந்த 74-ஆக இருக்கலாம். இப்போது விற்கப் போனால் கிடைப்பது 61. சந்தையின் கருத்து 61-க்கும் 75-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்பதுதான் நேர்மையான வாசிப்பு. கொஞ்சம் பெரிய தொகையோடு ஒரே ஒரு ஆள் நுழைந்தாலும் விலை துள்ளும். அதைப் பார்த்து 'களத்தில் அலை மாறுகிறது' என்று எழுதுபவர்களை நான் நம்புவதில்லை.

தொகுதி அளவில் கருத்துக்கணிப்புகளும் அபூர்வம். கிடைக்கிற நாலைந்திலும் சில, கட்சிகளே காசு கொடுத்து எடுத்தவை. அதனால் சந்தையும் நாட்டின் பொது மனநிலையையும் கணிப்பாளர்களின் மாடல்களையும் (வெற்றி வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினிக் கணக்குகள்) பார்த்தே விலை வைக்கிறது. 2022-இல் வாஷிங்டன் மாநிலத்தின் 3-ஆம் தொகுதியில் டெமாக்ரட் கட்சியின் மேரி க்ளூசென்காம்ப் பெரெஸுக்கு ஃபைவ்தர்ட்டிஎயிட் என்ற தேர்தல் கணிப்புத் தளத்தின் மாடல் கொடுத்த வாய்ப்பு 2 சதவீதம்தான். அவர் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். மாடலைப் பார்த்துப் போட்ட விலையை அதே மாடலுக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது.

அதிகம் பேர் சறுக்குவது எண்ணிக்கை இரவில். கலிபோர்னியாவின் 21-ஆம் தொகுதியில் 2018 நவம்பர் 6 இரவு ரிபப்ளிகன் கட்சியின் டேவிட் வலடாவோ நன்றாக முந்தியிருந்தார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவர் ஜெயித்ததாகவே அறிவித்துவிட்டது. ஆனால் அந்த மாநிலத்தில் தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்த ஓட்டு சில நாள் கழித்து வந்து சேர்ந்தாலும் செல்லும். ஒவ்வொரு உறையிலும் கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும். அந்தக் கட்டுகள் வாரக்கணக்கில் பிரிய, முன்னிலை கரைந்துகொண்டே வந்தது. அந்த நிறுவனம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. கடைசியில் டெமாக்ரட் டி.ஜே. காக்ஸ் 862 ஓட்டில் ஜெயித்தார். அதே மாநிலத்தின் 13-ஆம் தொகுதியும் இழுபறிதான்: 2022-இல் 564 ஓட்டில் ஒரு கட்சிப் பக்கம் போனது, 2024-இல் அதே இருவர் மோதி 187 ஓட்டில் மறுகட்சிப் பக்கம் போனது. இப்படிப்பட்ட இடத்தில் முதல் இரவு 95 சென்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது. எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) எத்தனை ஓட்டு இன்னும் பாக்கி, அவை தபாலா நேரடியா என்று பார்க்க வேண்டும்.

மெய்ன் 2-ஆம் தொகுதி இன்னொரு ரகம். அங்கே வாக்காளர்கள் வேட்பாளர்களை வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுகிறார்கள். 2018-இல் முதல் சுற்றில் ரிபப்ளிகன் புரூஸ் போலிகுவின் முன்னால் இருந்தார். பின்தங்கியவர்களின் ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்கு மாறியதும் டெமாக்ரட் ஜாரெட் கோல்டன் ஜெயித்தார். முதல் சுற்றை மட்டும் பார்த்து விலை போட்டவர் கதி என்ன ஆகியிருக்கும்?

அப்புறம், யாரும் படிக்காத அந்தச் சின்ன எழுத்து விதிகள். 'யார் ஜெயிப்பார்' என்ற கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் தீர்ப்பு எதை வைத்து என்பது இடத்துக்கு இடம் மாறும்: செய்தி நிறுவனத்தின் அறிவிப்பா, மாநிலத்தின் சான்றிதழா, பதவியேற்பா? வட கரோலினாவின் 9-ஆம் தொகுதியில் 2018-இல் ரிபப்ளிகன் கட்சியின் மார்க் ஹாரிஸ் 905 ஓட்டு முன்னிலையில் இருந்தார். தபால் ஓட்டு மோசடிப் புகாரால் மாநிலத் தேர்தல் வாரியம் சான்றிதழ் தர மறுத்து, மறு தேர்தலுக்கு உத்தரவிட்டது. அதில் ஹாரிஸ் நிற்கவே இல்லை. 2019 செப்டம்பரில் அதே ரிபப்ளிகன் கட்சியின் டான் பிஷப் ஜெயித்தார். கட்சியின் மேல் சீட்டு வாங்கியவரும் ஹாரிஸ் பெயரில் வாங்கியவரும் 2018 இரவில் ஒரே பக்கம்தான் நின்றிருப்பார்கள். மறு தேர்தலுக்குப் பிறகு இருவர் கணக்கும் ஒன்றல்ல. நடுவில், 2019 ஜனவரியில் புதிய சபை கூடியபோது அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.