மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் சைக்கிளை மறுபடி ரோட்டில் இறக்குவது எப்படி?

சென்னையில் பாதி வீடுகளில் மாடிப்படிக்கு அடியிலோ மோட்டார் ரூமுக்குப் பின்னாலோ ஒரு சைக்கிள் தூசி படிந்து கிடக்கும். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்ததாக இருக்கும், இல்லையென்றால் அம்பத்தூரில் தயாரான பழைய ஹெர்குலிஸோ பி.எஸ்.ஏ.வோ. ஆபீஸுக்கோ ரயில்வே ஸ்டேஷனுக்கோ இனி சைக்கிள்தான் என்று முடிவெடுத்தவர்கள் இதைத் தாண்டிப் போய், கடையில் 21 கியர் வண்டிக்கு விலை கேட்கிறார்கள். மேம்பாலங்களை விட்டால் சென்னையில் மேடு ஏது? 5 கிலோமீட்டரை 20–25 நிமிடத்தில் கடக்க கியரே இல்லாத வண்டி போதும். கிடப்பதைச் சரிசெய்தால் புது வண்டி விலையில் சிறு பங்குதான் செலவாகும். அதுவும் டயர் சைஸில் ஏமாறாமல் இருந்தால்!

முதலில், வண்டி தேறுமா?

துணியை நனைத்து ஃபிரேமைத் துடையுங்கள். ஹேண்டில் பாருக்குக் கீழே இரண்டு குழாய்கள் சேரும் இடத்தையும், பெடல் அச்சு இருக்கும் பெட்டியின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் உப்பியிருந்தால் ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மேலாகப் பொரிந்து உதிர்ந்தால் பரவாயில்லை. முனை உள்ளே இறங்கினாலோ, இணைப்பில் முடி போல விரிசல் தெரிந்தாலோ அந்த ஃபிரேமைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடலாம். வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டிகளை இரண்டு முறை பாருங்கள்.

மற்ற எல்லாமே மாற்றக்கூடிய பாகங்கள்.

கருவிகள்

ஒரு செட் டபுள் எண்ட் ஸ்பேனர், மூன்று பிளாஸ்டிக் டயர் லீவர், மீட்டர் வைத்த நின்று அடிக்கும் பம்பு, பஞ்சர் கிட். இவ்வளவுதான். ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். துருப்பிடித்த நட்டில் அது வழுக்கி முனைகளை மழுங்கடித்துவிடும். அப்புறம் உளி வைத்துத்தான் கழற்ற வேண்டும். டயரைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் கூடவே கூடாது, டியூபைக் கிள்ளிவிடும். இரண்டு எவர்சில்வர் ஸ்பூன் காம்பு மேல்.

டியூபைக் கழற்றும் முன் வால்வைப் பாருங்கள்

நெடுநாள் நின்ற வண்டியில் காற்று நிற்கவில்லை என்றால் உடனே பஞ்சர் என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய சைக்கிள் வால்வுக்குள் ஓர் ஊசி மாதிரி குச்சி இருக்கும். அதன் பக்கவாட்டு ஓட்டையை மூடிக்கொண்டு ஒரு சின்ன ரப்பர் குழாய், அதுதான் வால் டியூப். வெயிலில் அது ஒட்டிப்போய்க் கிழிந்துவிடும். நட்டைக் கழற்றிக் குச்சியை உருவி, புது வால் டியூபைத் தண்ணீரில் நனைத்து, பக்கத்து ஓட்டை முழுதாக மறையும்வரை ஏற்றுங்கள். காற்றடித்துவிட்டு வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வராமல், மறுநாளும் டயர் கெட்டியாக இருந்தால் வேலை முடிந்தது.

டியூபையே மாற்றுவதாக இருந்தால் பைக்கில் வரும் வகை வால்வு உள்ள டியூப் கேளுங்கள். ரிம் ஓட்டை இரண்டுக்கும் ஒன்றுதான். பழைய வால்வில் மீட்டர் காற்றழுத்தத்தைச் சரியாகக் காட்டாது, இதில் காட்டும்.

டயர் சைஸ்: பணம் வீணாகும் இடம்

“26 இஞ்ச் டயர் கொடுங்க” என்று கேட்டு வாங்கி வந்தால் பொருந்தாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. 26 என்பது டயரின் வெளிவிட்டத்தின் தோராயக் கணக்கு. டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் வேறு. ஒரே 26-க்குள் ஒன்றோடொன்று சேராத பல ரிம்கள் இருக்கின்றன.

டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 50-559, 37-590 என்பது போல ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான். நம் ஊரில் அதிகம் புழங்குபவை:

26 x 1.95 (எம்.டி.பி. எனும் மவுண்டன் பைக்கின் தடிமனான டயர்): 559
26 x 1⅜ (ஒல்லியான டயர்): 590
28 x 1½ (பழைய பெரிய சைக்கிள்): 635
700 x 35சி (இப்போதைய ஹைபிரிட்): 622
27.5 x 1.95: 584

கவனித்தீர்களா? இரண்டு 26-க்கும் நடுவே 31 மில்லிமீட்டர் வித்தியாசம். 590 டயர் 559 ரிம்மில் தொளதொளவென்று ஆடும். 559 டயர் 590 ரிம்மில் என்ன இழுத்தாலும் ஏறாது. பின்னத்தில் எழுதியதும் தசமத்தில் எழுதியதும் கணக்குப்படி ஒன்றாக இருந்தாலும் டயர் ஒன்றல்ல. 26 x 1.75 என்பது 559, 26 x 1¾ என்பது 571.

பழைய டயரில் எண் அழிந்துபோயிருந்தால் டயரைக் கழற்றி, ரிம்மின் ஒரு வெளிவிளிம்பிலிருந்து எதிர்விளிம்புவரை அச்சின் மையம் வழியாக டேப் வைத்து அளந்து, சுமார் 12 மில்லிமீட்டர் கழியுங்கள். 602 வந்தால் 590 ரிம், 647 வந்தால் 635. ஓரிரண்டு மில்லிமீட்டர் முன்பின் இருந்தாலும் எந்த வகை என்று தெரிந்துவிடும். தெருமுனைக் கடையில் இல்லாத சைஸுக்குப் பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜார் சைக்கிள் கடைகளில் பாருங்கள். பழைய டயரையும் கையில் எடுத்துப் போவது நல்லது.

பழைய டயர் தேறுமா என்று பார்க்க, பக்கவாட்டை விரலால் மடித்துப் பாருங்கள். வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். மேலோட்டமான கீறல் மட்டும் என்றால் பின்சக்கரத்தில் போட்டு ஓட்டலாம். முன் டயரில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

பஞ்சர் ஒட்டும்போது

வாளித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழி பார்ப்பதெல்லாம் தெரிந்ததுதான். ஒட்டு பிடிக்காமல் போவது அவசரத்தால். ஓட்டையைச் சுற்றி, ஒட்டுத்துண்டை விடக் கொஞ்சம் அகலமாக உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு போனபின் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவிக் காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வெயில் சூட்டில் வழுக்கிக் கழன்றுவிடும். விரலால் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வர சுமார் 5 நிமிடம் ஆகும். பிறகு ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரம்வரை அழுத்துங்கள். வால்வின் அடியில் கிழிந்த டியூபுக்கு ஒட்டுப் போட்டுப் பயனில்லை.

டயரை மாட்டும் முன் உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். குத்திய முள்ளோ கம்பியோ இன்னும் அங்கேயே இருக்கும். மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். முடித்ததும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்துவிட்டால் டியூப் டயர் ஓரத்தில் சிக்காது. தடித்த டயருக்கு 40–50 பி.எஸ்.ஐ. காற்று போதும். அதிகபட்ச அளவு டயரிலேயே எழுதியிருக்கும்.

பிரேக்

பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படவேண்டும். டயரில் உரசினால் சில நாளில் டயர் கிழியும். ரிம்முக்கும் கட்டைக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். கேபிள் பிரேக்கில் கட்டையின் முன்முனை பின்முனையை விட 1 மில்லிமீட்டர் முன்னதாகப் படும்படி சாய்த்து முறுக்குங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே பின்பக்கமாக ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி முறுக்கினால் அந்தச் சாய்வு தானே வந்துவிடும். கண்ணாடி மாதிரி பளபளத்த கட்டையை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றுங்கள். ரிம்மை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; ஒரு சொட்டு எண்ணெய் கூட இருக்கக்கூடாது.

செயின்

12 இஞ்ச் ஸ்கேலை ஒரு பின்னின் மையத்தில் வைத்தால் புதுச் செயினில் இன்னொரு பின்னின் மையம் சரியாக 12-இல் நிற்கும். 1/16 இஞ்ச் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 தள்ளியிருந்தால் ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) பற்களும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். கியர் இல்லாத வண்டிக்கு ½ x ⅛ செயின். செயின் லாக்கை மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், அதாவது மேல்பக்கம் வரும்போது முன்னோக்கி. திருப்பிப் போட்டால் எங்காவது தட்டிக் கழன்று விழும். நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் சுமார் அரை இஞ்ச் ஆட்டம் இருக்கட்டும்.

தேய்மானம் இல்லையென்றால் மண்ணெண்ணெயில், கிடைக்காவிட்டால் டீசலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் காயவிடுங்கள். பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு செயின் ஆயில், பெடலைப் பத்துச் சுற்று சுற்றிவிட்டு வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். இந்த ஊர்த் தூசிக்கு எண்ணெய் வழிந்தால் உப்புத்தாள்தான். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துப்போகும். டபிள்யூ.டி.40 துருவைத் தளர்த்தத்தான் லாயக்கு.

பெடலும் சீட்டும்

இடது பெடலின் மரை தலைகீழ். வலம், இடம் என்று குழம்பாமல் இப்படி நினைவில் வையுங்கள்: ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்போது அதை முன்சக்கரம் பக்கம் திருப்பினால் இரண்டு பெடலும் இறுகும், பின்சக்கரம் பக்கம் திருப்பினால் கழலும்.

சீட் உயரம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பலர் சீட்டைத் தாழ்த்தி வைத்துவிட்டு முட்டி வலிக்கிறது என்று சைக்கிளைக் குறைசொல்கிறார்கள்.

பின்னால் சேர்த்தவை (படித்தவர்கள் கேட்டதற்காக)

*ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி குதிக்கிறது.* டயர் ஓரிடத்தில் ரிம்முக்குள் சரியாக உட்காரவில்லை. டயரின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா பாருங்கள். காற்றை இறக்கி, அமுங்கிய இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கையால் இழுத்துவிட்டு மறுபடி அடியுங்கள். பெட்ரோல் பங்க் ஏர் ஹோஸ் என்றால் விட்டுவிட்டு அழுத்துங்கள். சைக்கிள் டியூப் ஓரிரு நொடியில் நிறைந்து வெடித்துவிடும்.

*மிதிக்கும்போது டக் டக் என்று சத்தம்.* பழைய வண்டியில் கிராங்க்கை (பெடல் மாட்டிய தண்டு) அச்சோடு பிடித்து வைக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். நட்டை மட்டும் முறுக்கினால் நிற்காது. கிராங்க்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, பின்னை நட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்து சுத்தியலால் அடித்து இறக்கி, பிறகு நட்டை முறுக்குங்கள். ஒரு நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை.

*ரிம் கோணல்.* ஃபோர்க்கில் ஒரு ஜிப் டை கட்டி, முனையை ரிம்முக்கு அருகே நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ரிம் இடப்பக்கம் உரசினால் அந்த இடத்தில் வலப்பக்க ஸ்போக்ஸ் நிப்பிளை (கம்பியை ரிம்மில் பிடிக்கும் நட்டு) கால் சுற்று இறுக்குங்கள், இடப்பக்கத்தை அதே அளவு தளர்த்துங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் பெண்டு எடுப்பதைக் கடைக்காரரிடமே விடுங்கள்.

*மழையில் பிரேக் பிடிக்கவில்லை.* குரோம் பூசிய இரும்பு ரிம்மில் அப்படித்தான். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பாகவே லேசாக அழுத்தி ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துவிட்டுப் பிறகு முழுதாகப் பிடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய்.

*கழுவிய மண்ணெண்ணெயை என்ன செய்வது?* சாக்கடையில் ஊற்றாதீர்கள். பாட்டிலில் மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் அழுக்கு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம். கிழிந்த டியூபைக் குறுக்கே வளையமாக வெட்டினால் கேரியரில் டிபன் பாக்ஸைக் கட்ட ரப்பர் பேண்டு ஆகும். பழைய செயினும் ஃப்ரீவீலும் இரும்புக்கடையில் எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள்.